பரக்கத்துக்கு யாராவது ரசீது வாங்குவார்களா

எங்கள் கனீஃப் மச்சானுக்கு வாய் கிடையாது. அவருக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அல்லா எனக்கே கொடுத்துவிட்டான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். ஏறுகிறவனையும் இறங்குகிறவனையும் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணாமல் விட்டதில்லை. மொக்சின் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தால் சிரிப்பு இலவசம் என்று தெருவில் சொல்வார்கள். மச்சானின் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதில் என் வாய் வராமல் போகாது.

மச்சான் என் அக்கா வசீலாவின் புருஷன். வெள்ளைக்காரர் ஆட்சியில் கேப் டவுனில் மலையடிவாரத்து நல்ல தெருக்களிலிருந்து எங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து ஒரு மணல்வெளியில் கொட்டினார்களே, அந்தக் கேப் ஃப்ளாட்ஸில்தான் எங்கள் எல்லாருக்கும் வீடு. பகலில் அவர் துணி ஃபேக்டரியில் கட்டிங் மாஸ்டர். யார் வீட்டிலாவது மவுத்து என்று சாவுச் செய்தி வந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆண் மையத்தை அவர் குளிப்பாட்டுவார், பெண் மையத்தை என் அக்கா. மையத்துக்குச் சுற்றுகிற கபன் துணியை அளவு பார்க்காமல் கண்ணாலேயே நேராக வெட்டுவார். அவருக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு. அந்த அறைக்குள் மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் திறக்க விட்டதில்லை.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மையத்தின் உடம்பில் எதைப் பார்த்தாலும், மவுத்தான வீட்டில் எதைப் பார்த்தாலும், அது அந்த வீட்டு வாசலைத் தாண்டி வரக் கூடாது. எங்கள் பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிற ஒரு பெரிய மனுஷர் மவுத்தானபோது நெஞ்சில் ஒரு பெண்ணின் பேர் பச்சை குத்தியிருந்தது. வீட்டுக்காரம்மா பேர் இல்லை. எனக்குச் சொல்லாமல் இருக்க வயிறு வெடித்துவிடும்போல இருந்தது. மச்சான் வண்டியில் ஏறியதும் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேரை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் நாங்கள் குளிப்பாட்டுகிற கட்டிலில் வயசானவர்களைவிட இளசுகள்தான் அதிகம். பதினாறு, பதினெட்டு. மீசை சரியாக முளைத்திருக்காது. சாவு வீட்டில் அம்மாக்காரி கதறுவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். மச்சான் குண்டு பாய்ந்த இடத்தில் பஞ்சை வைத்து அடைப்பார். நான் ஊற்ற ஊற்றத் தண்ணீர் சிவப்பாகவே ஓடும். யார் சுட்டது என்று கேட்டால் அவனுக்கும் அதே வயசுதான் இருக்கும். ஒரு கேங்குக்கும் இன்னொரு கேங்குக்கும் தகராறு. இரண்டு பக்கத்திலும் நான் பஸ்ஸில் ஸ்கூலுக்கு ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகள்.

அப்புறம் புதுத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இருபத்தொரு வயசு ஆகாதவன் வைத்திருக்கக் கூடாது, பரீட்சை எழுத வேண்டும், வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்று ஆயிரம் விதி. இரண்டாயிரத்து ஐந்தின் முதல் ஆறு மாசம் பொதுமன்னிப்பு என்றார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் கேள்வி கிடையாது, வாங்கி உருக்கிவிடுவோம் என்றார்கள். நான் நம்பவில்லை. கேங்காரன் வரிசையில் நின்று கொடுப்பானாக்கும் என்று சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்து போய் இமாமிடம் மைக் கேட்டார். பள்ளிவாசலே திரும்பிப் பார்த்தது. கனீஃப் மைக்கில் பேசுவதா?

"வீட்ல துப்பாக்கி வச்சிருக்கவங்க குடுத்துருங்க. பத்திரத்துக்குன்னு வச்சிருக்கதுதான் திருடு போயி புள்ளைங்க கைக்கு வருது. எனக்குக் கழுவிக் கழுவி அலுத்துப்போச்சு" என்றார். மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதுதான் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பிரசங்கம். அதைக் கேட்டுச் சிலர் கொடுக்கவும் செய்தார்கள்.

அந்த மே மாசம் ஆர்மின் ஹாஜி மவுத்தானார். கால்க் பே துறைமுகத்திலிருந்து தூண்டில் படகில் ஸ்னூக் மீன் பிடிக்கப் போகிறவர். மனுஷர் கடைசி இரண்டு மாசம் படுக்கையோடு கிடந்தார். அவர் சம்சாரம் மைமூனாக்கா எங்களுக்குப் பழக்கம். என் அக்காவோடு ஃபேக்டரியில் ஒரே தையல் வரிசையில் உட்கார்ந்தவர். மையத்தைக் கட்டிலுக்கு மாற்ற மெத்தையைத் தூக்கினோம். அடியில் ஒரு பழைய ரிவால்வர் இருந்தது. கைப்பிடியின் கட்டை உடைந்து, அதன்மேல் பச்சைத் தூண்டில் நரம்பை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. படகுக்காரன் கை வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மச்சான் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். குளிப்பாட்டி முடித்தோம்.

மைமூனாக்காவே அவரைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். திருட்டுப் பயம் வந்த வருஷம் ஹாஜி யாரிடமோ வாங்கி வைத்தது. லைசென்ஸ் கிடையாது. போன வாரம் பேரன் இக்சான், நாலு வயசுப் பயல், மெத்தைக்கடியில் கையை விட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டானாம். "இத இந்த வீட்ட விட்டுக் கொண்டுபோயிருங்கண்ணே. நான் இன்னிலேருந்து இத்தா. நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்ட முடியாது. அதுக்குள்ள மன்னிப்புத் தேதி முடிஞ்சிரும். உங்களத் தவிர யாரு கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றார்.

வீடு நிறைய ஆட்கள். எப்படி எடுத்துக்கொண்டு போவது? மைமூனாக்காவுக்குத்தான் யோசனை வந்தது. எங்கள் பக்கம் எந்த வீட்டில் ஓதினாலும், கல்யாணமானாலும், மவுத்தானாலும், கிளம்புகிறவர் கையில் கேக், பலகாரம் வைத்து ஒரு பொட்டலம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். பரக்கத்து என்போம். அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, உள்ளே என்ன என்று கேட்பதும் இல்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. ஒரு கேக் பெட்டியில் ரிவால்வரை வைத்து, மேலே நாலு பிஸ்கட்டைப் பரப்பி, நூல் போட்டுக் கட்டி மச்சான் கையில் கொடுத்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஐம்பது பேரைத் தாண்டி, எல்லாருக்கும் சலாம் சொல்லிக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை என் பழைய டொயோட்டாவில் காவல் நிலையம் போனோம். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே சார்ஜென்ட் நஸ்மி இருந்தான் என்பதற்காகவே கொஞ்சம் தள்ளியிருந்த அதைத் தேடிப் போனோம். அவன் வாப்பாவை முந்தின வருஷம் குளிப்பாட்டியவர் மச்சான்தான். தெரிந்த பையன், ஹாஜியின் பேர் வெளியே வராமல் முடித்துக் கொடுப்பான் என்று நினைத்தோம். நினைத்ததில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

அன்றைக்கு மத்தியானம் டிவியில் ரக்பி. எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வண்டியில் இருந்தபடியே இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். அப்புறம் இறங்கி உள்ளேயே போனேன். மச்சான் கவுண்டர் முன்னால் நிற்கிறார். பெட்டி நஸ்மி பக்கம் போய்விட்டது. மச்சான் மெதுவாக, "தம்பி, வாங்கிக்கிட்டோம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துரு" என்கிறார்.

"எங்க வாப்பாவக் கழுவின கைக்கு நான் சீட்டு எழுதிக் குடுக்கணுமாண்ணே?" என்றான் நஸ்மி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் மச்சான் நகரவில்லை. வாயைத் திறந்து இன்னொரு தடவை கேட்கப்போனார். கேட்டிருப்பார். சத்தியமாகக் கேட்டிருப்பார்.

அந்த இடத்தில்தான் நான் வாயை விட்டேன். "வாங்க மச்சான், ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு. பரக்கத்துக்கு யாராவது ரசீது வாங்குவாங்களா?"

நஸ்மி கொல்லென்று சிரித்தான். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். மச்சானுக்கு முகம் சிவந்துபோய்விட்டது. என் பின்னாலேயே வந்து வண்டியில் உட்கார்ந்தார். வழியில் ஒரே ஒரு தடவை, "சீட்டு வாங்கியிருக்கலாம் மாப்ளே" என்றார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். வீட்டுக்கு வந்து மைமூனாக்காவுக்குப் போன் பண்ணி, ஒப்படைத்துவிட்டேன் என்று சொன்னார். அந்தம்மாள் அழுதாராம், நிம்மதியில்.

அடுத்த நாலைந்து வருஷத்தைச் சொல்லியாக வேண்டும். சட்டம் வேலை செய்ததா இல்லையா என்று ரேடியோவில் கோட்டுப் போட்டவர்கள் கத்திக்கொண்டார்கள். எங்கள் கட்டிலைக் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும். இளசுகள் குறைந்தார்கள். அடியோடு நின்றுபோகவில்லை, கத்திக்குத்தும் இருந்தது. ஆனால் கத்தியில் குத்துப்பட்டவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வருவார்கள். மாசக்கணக்கில் நாங்கள் தாத்தாக்களை மட்டும் குளிப்பாட்டினோம். மச்சான் அந்த வருஷங்களில் கொஞ்சம் சதை போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைமூனாக்கா வீட்டுச் சின்னவன் இக்சானைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பார். நான் பார்த்து, என்ன மச்சான் பேரன் வாடகைக்கா என்பேன்.

இரண்டாயிரத்துப் பத்துக்கு அப்புறம் மறுபடி ஆரம்பித்தது. எங்கிருந்துதான் வந்ததோ, மூலைக்கு மூலை துப்பாக்கி. உருக்குவதாகச் சொல்லி வாங்கியதே திரும்பி வருகிறது, உள்ளே இருக்கிறவர்களே விற்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மச்சான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நானும்தான்.

இக்சானுக்குப் பதினேழு வயசு ஆனது. உயரமாக, ஆர்மின் ஹாஜி மாதிரியே நீளக் கையோடு. கேங்குப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். கார் மெக்கானிக் ஆக வேண்டும் என்று என் டொயோட்டாவைப் பிரித்துப் பிரித்துப் போடுவான். இரண்டாயிரத்துப் பதினெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் போவதுபோலப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கூசிஸ்டர் பலகாரம் வாங்கப் போனான். ஜீராவில் முக்கித் தேங்காய்ப் பூ தூவிச் சுடச்சுட கொடுப்பார்கள். அது இல்லாமல் எங்களுக்கு ஞாயிறு விடியாது. மூலையில் யாரோ யாரையோ சுட்டார்கள். குறுக்கே இவன். பாத்திரம் உருண்டு சாக்கடை ஓரத்தில் கிடந்தது, ஜீரா கொட்டியிருந்தது. அதை நான்தான் எடுத்துக்கொண்டு வந்து கழுவினேன்.

அன்றைக்கு அஸர் தொழுகைக்குள் அவனைக் குளிப்பாட்டினோம். காறை எலும்புக்குக் கீழே ஒரே ஓட்டை. மச்சான் குனிந்தார். பஞ்சை வைத்தார், தலைமுடியைக் கோதினார். நான் தண்ணீர் ஊற்றினேன். தோளில் வைத்து நடந்த பிள்ளை.

சுட்டவனைப் பிடித்தார்கள். கீனன் என்று பேர், பத்தொன்பது வயசு, இரண்டு தெரு தள்ளி. அடுத்த வருஷம் வழக்கு வந்தது. மைமூனாக்காவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். மைமூனாக்காவுக்குக் கண்ணில் புரை, எதிரே வருகிறவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அரசு வக்கீல் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பழைய ரிவால்வர். கைப்பிடியில் பச்சை நரம்பு, நெருக்கமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு.

மச்சான் என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பிடி இப்பவும் எனக்கு வலிக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மைமூனாக்காவின் முகத்தைப் பார்த்தோம். அந்தம்மாள் மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அல்ஹம்துலில்லா, தெரியவில்லை என்று நினைத்தேன். அந்தப் பக்கத்து பெஞ்சில் கீனனின் அம்மா தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாளே மச்சான் நஸ்மியின் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அவன் இப்போது ரிட்டயர் ஆகி இரண்டு மாடி கட்டியிருந்தான். டீ வரவழைத்தான். மச்சான் விஷயத்தைச் சொன்னார். அவன் கப்பைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "நீங்க என்கிட்ட எதையும் குடுத்ததா எனக்கு ஞாபகமில்லையேண்ணே. பேப்பர் இருந்தா காட்டுங்க" என்றான்.

மச்சான் எழுந்து வந்துவிட்டார். டீயைத் தொடவில்லை.

கோர்ட்டில் எழுந்து சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். சொன்னால் ஹாஜி கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தார் என்று ஊர் முழுக்கத் தெரியும். குளிப்பாட்டப் போன வீட்டில் பார்த்ததை வெளியே சொன்னவர் என்று ஆகும். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உன் கையால் கட்டிக் கொடுத்ததுதான் உன் பேரனைக் கொன்றது என்று அந்தம்மாவிடம் யார் போய்ச் சொல்வது? நான், "பேசாம இருங்க மச்சான். அந்தம்மாவுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்" என்றேன். இரக்கத்தில் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். வெளியே வந்தால் என் வாயும் சேர்ந்து வெளியே வரும் என்கிற பயம் அதற்குள் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எட்டு மாசம் பேசாமல் இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. என் அக்கா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், சர்க்கரை என்றார்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மைமூனா வீட்டுக்குப் போகிறேன், நீயும் வா என்றார். சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிட்டார், பாருங்கள்.

மைமூனாக்கா எங்களைக் கூடத்தில் உட்காரவைத்தார். மச்சான் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். நஸ்மியிடம் கொடுத்தது, சீட்டு வாங்காதது, கோர்ட்டில் பார்த்தது. நான் விட்ட வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். அந்தம்மாள் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார்.

"கண்ணுல புரைதான்ண்ணே. பச்சை தெரியாதா எனக்கு? அந்த நரம்ப ஒரு முனையில நான் இழுத்துப் புடிக்க, அவுங்க சுத்துனாங்க. கோர்ட்லயே பாத்துட்டேன்" என்றார்.

மச்சான் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"எட்டு மாசமா வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு. வரல. குடுத்திருந்தா ரசீது இருக்கும். ரசீது இல்ல. குத்தமில்லாதவரா இருந்தா அன்னிக்கே வந்திருப்பீங்க. அதையும் காணோம். நீங்களே வித்துட்டீங்கன்னு முடிவு பண்ணிட்டேன்."

"தங்கச்சி..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"இல்லன்னு சொல்லுங்க. நம்பணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா எத வச்சு நம்புறது?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் மவுத்தானா உங்க வீட்டுக் கை எதுவும் என்மேல படக் கூடாது. வசீலாகிட்டயும் சொல்லிருங்க" என்றார்.

நான் அங்கேதான் இருந்தேன். மூன்றடி தள்ளி, அவர் கொடுத்த நாற்காலியில். அவர் ரசீது கேட்டார் அக்கா, நான்தான் சிரிப்புக்காட்டி இழுத்துக்கொண்டு வந்தேன் என்று ஒரு வார்த்தை. முப்பத்தொரு வருஷம் ஊரையே சிரிக்கவைத்த வாய். அன்றைக்கு அது ஒட்டிக்கொண்டது. மச்சான் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருப்பேனா என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது வண்டியில் ஏன் என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீயா அத வாங்கி வித்த? விடு" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

மச்சான் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். ஹாஜியின் பேரைச் சொல்ல மைமூனாக்காவிடம் ஆள் அனுப்பிச் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். சம்மதம் வந்தது, சலாம் வரவில்லை. நிலையத்துப் பழைய பதிவேட்டில் அந்த ரிவால்வரைப் பற்றி ஒரு எழுத்துக் கிடையாது. அந்த வருஷம் ஒப்படைத்ததாக வேறு சிலரும் சொன்ன துப்பாக்கிகளும் இல்லையாம். நஸ்மி மேல் விசாரணை என்றார்கள். இன்னும் விசாரணைதான். அவன் பெரிய வக்கீல் வைத்திருக்கிறான்.

அந்த டிசம்பரில் மறுபடியும் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். சட்டத்தின் பேரைக் கேட்டாலே மச்சான் காறித் துப்புவார் என்று நினைத்தேன். மனுஷர் தினமும் காலையில் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்து வாசலில் போய் உட்கார்ந்தார். பையோடு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்துவார். "குடுங்க. குடுக்கறது நல்லது. ஆனா நம்பர் எழுதி, சீல் வச்சு ரசீது வாங்காம நகராதீங்க. தெரிஞ்சவனா இருந்தாலும் வாங்குங்க. தெரிஞ்சவனா இருந்தா கண்டிப்பா வாங்குங்க." வாயில்லாத மனுஷர் ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் சொன்னார். உள்ளே இருந்த போலீஸ்காரர்கள் முறைத்தார்கள். போகச் சொன்னார்கள். போகவில்லை. நான் அவருக்கு ஃப்ளாஸ்கில் டீ கொண்டுபோவேன். சில நாள் மைமூனாக்கா மகளைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகக் கடைக்குப் போவார். மச்சான் எழுந்து நின்று சலாம் சொல்வார். அந்தம்மாள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடப்பார். மச்சான் அவர் மூலை திரும்புகிறவரைக்கும் நின்றுவிட்டு அப்புறம் உட்காருவார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மச்சான் மவுத்தானார். சர்க்கரை, அப்புறம் மூச்சு. நான்தான் குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்ற என் மகன் வந்தான். அவர் உடம்பில் பார்த்தது எதையும் சொல்லமாட்டேன். எலும்பாகிப்போயிருந்தார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், அது ஊருக்கே தெரிந்ததுதான். ஜனாஸாவுக்குத் தெருவே வந்தது. மைமூனாக்கா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மைமூனாக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். என் குரலைக் கேட்டும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். ரக்பியைச் சொன்னேன், ஹாரனைச் சொன்னேன், உள்ளே போனதைச் சொன்னேன். சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். சிரித்தார்கள் என்றும் சொன்னேன்.

 அந்தம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அவுங்க கேட்டாங்க?"

"கேட்டாருக்கா. ஒரு தடவ வாய் விட்டுக் கேட்டாரு. ரெண்டாந்தடவ கேக்க வாயத் தொறந்தாரு. நான்தான்..."

"கேட்டிருக்காங்க" என்றார், தனக்குத்தானே. முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டார். "மூணு வருஷமாச் சலாம் சொன்னாங்க மொக்சின். நான் பதில் சொல்லலியே. மூணு வருஷம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தம்மாள் அழவில்லை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனார். பாத்திரம் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி, நூல் போட்டுக் கட்டியிருந்தது.

"வசீலாவுக்கு. நான் வரச் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

வாங்கிக்கொண்டு சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசப்படியில் கால் வைத்ததும் பின்னால் அவர் குரல் கேட்டது.

"பிரிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போ."

அங்கேயே நின்று, அவருக்கு முன்னால், நூலை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தேன். கூசிஸ்டர்தான் இருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. பார்த்துவிட்டேன் அக்கா என்றேன். சரி என்று தலையை ஆட்டினார்.